எந்தப் படியால் ஒரு படி?

கும்பகோணம் பக்கம் ‘நூறு குழி’ என்றால் ஒரு மா நிலம். சென்ட் கணக்கில் சுமார் 33. புதுச்சேரியில் அதே நூறு குழி ஒரு காணி, அதாவது சுமார் 132 சென்ட். எண்ணும் பெயரும் மாறவில்லை, நிலம் மட்டும் நாலு மடங்கு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டெல்டாவில் குழி என்பது 12 அடிக் கோலால் நீளம் ஒரு கோல், அகலம் ஒரு கோல்: 144 சதுர அடி. புதுச்சேரிக் குழி 24 அடிக்கு 24 அடி: 576 சதுர அடி. கோல் இரண்டு மடங்கு நீண்டால் பரப்பு நாலு மடங்காகிவிடும்.

உள்ளூர்க்காரர்களுக்குள் விற்று வாங்கும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த ஊர்க் கோல் எது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, தன் ஊர்க் குழியை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசும்போதுதான் வம்பு. அளவைகளின் வரலாறு பெரும்பாலும் இப்படி இரண்டு ஊர்க் கோல்கள் சந்தித்துக்கொண்ட வரலாறுதான்.

‘ஐந்து மீட்டர் துணி’ என்பதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஐந்து என்பது எண், மீட்டர் என்பது அலகு. அளப்பது என்றால் ஒரு பொருளைத் தெரிந்த இன்னொன்றோடு ஒப்பிட்டு, அது எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுவது. எண்ணுவதில் தவறு வந்தால் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஒப்பிட எடுத்துக்கொண்ட பொருளே ஆளுக்கு ஆள் வேறாக இருந்தால், கணக்கை எத்தனை முறை சரிபார்த்தாலும் தவறு தெரியவே தெரியாது. அதனால் அலகு என்று ஒன்றை வைத்தால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும், நாளைக்கும் மாறாமல் இருக்கவேண்டும், நகல் எடுத்து நாலு ஊருக்கு அனுப்பவும் முடியவேண்டும்.

உடம்பும் விதையும்

முதலில் கைக்குக் கிடைத்தது உடம்புதான். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். எப்போதும் கூடவே இருக்கும், தொலையாது. பூக்கடையில் இன்றும் முழம்தான் ஓடுகிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒருவருக்கு 42 சென்டிமீட்டர் இருக்கலாம், இன்னொருவருக்கு 48 இருக்கலாம். பூ வாங்குபவர் அந்தக் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விலை பேசுவதால் அங்கே சண்டை வருவதில்லை. தச்சர் ஒருவரே நிலையும் கதவும் செய்யும்வரையில் அவருடைய சாணும் போதும். நிலையை ஒருவரும் கதவை இன்னொருவரும் செய்தால் கதவு நிலையில் உட்காராது.

எடைக்கு விதைகள். 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றிமணி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஆனால் ஒரு கழஞ்சுக்கு 40 குன்றிமணி சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு விதையும் சராசரியிலிருந்து 10 சதவீதம் கூடக்குறைய இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பதைச் சேர்த்து நிறுத்தால் பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தத்தின் பிசகு 10-ஐ 40-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 1.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஜெர்மனியில் 16ஆம் நூற்றாண்டில் நில அளவை நூல் எழுதிய யாகோப் கோபெல் சொன்ன வழியும் இதே தந்திரம்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வெளியே வரும் ஆண்களில் நெட்டை, குட்டை என்று பாராமல் 16 பேரை நிறுத்தி, இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கச் சொல்லி அளந்தால் அது ஒரு கோல். அதில் பதினாறில் ஒரு பங்கு ஓர் அடி. இதில் ஒரு குறை உண்டு. ஒருவருக்கு ஒருவர் மாறும் பிசகைத்தான் சராசரி கரைக்கும். நாற்பது குன்றிமணியும் ஈரத்தில் ஊறியிருந்தால் நாற்பதும் ஒரே பக்கமாகத் தவறும், அதைக் கூட்டி வகுத்தாலும் ஒன்றும் ஆகாது.

ஏன் பாதி, பாதியில் பாதி?

தமிழ் முகத்தலளவையைப் பாருங்கள். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி (படி). 8 நாழி ஒரு குறுணி (மரக்கால்), 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. கடைசியில் மட்டும் வழக்கம் உடைந்து 3 தூணி ஒரு கலம். சிந்துவெளியில் கிடைத்த கனசதுர எடைக்கற்களிலும் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பு வரிசை இருக்கிறது. பதினாறாம் கல் சுமார் 13.7 கிராம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த ஹரப்பாவிலும் லோத்தலிலும் ஒரே வரிசை.

பத்தால் வகுக்கத் தெரியாதவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. பாதியாக்குவதற்கு வேறு அளவை எதுவுமே தேவையில்லை, அதுதான் காரணம். உங்களிடம் ஒரு படி மட்டும் இருக்கிறது, உரி வேண்டும் என்று வையுங்கள். படி நிறைய அரிசியை எடுத்து, தராசின் இரண்டு தட்டிலும் முள் நடுவில் நிற்கும்வரை பிரித்துப் போடுங்கள். ஒரு தட்டில் இருப்பது உரி. அதையே மறுபடி பிரித்தால் உழக்கு, இன்னொரு தடவை பிரித்தால் ஆழாக்கு. தராசின் இரு கைகளும் சமமா என்று சந்தேகம் வந்தால் தட்டுகளிலுள்ள அரிசியை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முள் அதே இடத்தில் நின்றால் தராசு சரி. பத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றால் இந்த வழியில் நேராகப் போகமுடியாது, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் நெருங்கவேண்டும். பத்தின் வசதி தாளில் கணக்கு எழுதும்போதுதான் தெரியும், பாதியின் வசதி கையில் பொருளைப் பிரிக்கும்போது. சந்தையில் பொருளைப் பிரிப்பவர்கள் பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

படியின் வாயும் வயிறும்

முகத்தலளவையில் ஒரு வில்லங்கம் உண்டு. கொள்ளளவு ஒன்றே என்றாலும், தலை தட்டி அளக்கிறோமா குவித்து அளக்கிறோமா என்பதில் பெரிய வித்தியாசம் வரும்.

1500 மில்லிலிட்டர் கொள்ளும் உருளைப் படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாய் 12 சென்டிமீட்டர் விட்டம், உயரம் சுமார் 13.3 சென்டிமீட்டர். அரிசியைக் குவித்தால் அது சுமார் 30 டிகிரி சரிவில் நிற்கும் என்று வைத்தால், மேலே எழும் கூம்பு ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர் உயரம். அதில் அடங்குவது சுமார் 130 மில்லிலிட்டர், படியில் 9 சதவீதம். இப்போது அதே 1500 மில்லிலிட்டரை அகல வாயாகச் செய்வோம்: விட்டம் 16, உயரம் 7.5 சென்டிமீட்டர். கூம்பு 310 மில்லிலிட்டராகிவிடும், 20 சதவீதத்துக்கும் மேல். நீர் ஊற்றிச் சோதித்தால் இரண்டு படியும் கச்சிதமாக ஒன்று. நெல்லைக் குவித்தால் ஒன்று மற்றொன்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும். குவித்து வாங்கி, தலை தட்டிக் கொடுப்பவர் கள்ளப் படி செய்யவேண்டிய அவசியமே இல்லை. மேலும், உயரத்திலிருந்து கொட்டினாலோ படியைத் தரையில் தட்டினாலோ தானியம் நெருங்கி உட்கார்ந்து, அதே படியில் கூடுதலாகக் கொள்ளும். அதனால் தானியப் படிக்கு விதி எழுதும்போது கொள்ளளவை மட்டும் எழுதினால் போதாது. வாயின் விட்டம், தலை தட்டும் பலகை, எங்கிருந்து கொட்டுவது என்பதும் சேரவேண்டும். இல்லையென்றால் படியை விட்டுவிட்டு எடைக்குப் போய்விடவேண்டும். உலகம் கடைசியில் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தது.

‘ஆடவல்லான் என்னும் மரக்காலால்’

சோழர் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு இந்தச் சொற்றொடர் அலுத்துப்போகும் அளவுக்கு வரும். முதலாம் இராஜராஜன் (985–1014) கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்ததைச் சொல்லும்போது, இராஜகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று எழுதுகிறார்கள். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தார்கள், நகைகளிலுள்ள மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுத்தார்கள். ஒவ்வொரு கொடையிலும் இதைத் திரும்பத் திரும்பக் கல்லில் வெட்டுவது வீண்வேலை மாதிரித் தோன்றும். இன்னும் நூறு வருடம் கழித்து யாராவது ‘எந்த மரக்காலால்?’ என்று கேட்டால் அதற்கு விடை அந்தக் கல்லிலேயே இருக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். ‘இராஜகேசரியோடு ஒக்கும்’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஓர் அளவையை இராஜகேசரி என்ற இன்னோர் அளவையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறோம் என்று பதிவு செய்வது அது. இன்றைய அளவைச் சான்றிதழில் எழுதுவதும் இதைத்தான்.

நிலத்துக்கும் அப்படியே. 16 சாண் கோல், 18 சாண் கோல் என்று கோலின் நீளத்தைச் சொல்லி நிலத்தைக் குறித்தார்கள். சில கோயில்களில் கோலின் நீளத்தைச் சுவரிலோ அதிட்டானம் என்ற அடிப்பீடத்திலோ இரண்டு குறிகளுக்கு நடுவே வெட்டிவைத்தார்கள். மரக்கோல் தேயும், வளையும், யாராவது நுனியைச் செதுக்கவும் கூடும். கோயில் கல்லைச் செதுக்குவது கடினம், செதுக்கினால் ஊருக்கே தெரியும். சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே காரியத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 1790களில் செய்தார்கள். புதிய மீட்டர் எவ்வளவு நீளம் என்று மக்களுக்குக் காட்டப் பாரிஸ் நகரச் சுவர்களில் சலவைக்கல் மீட்டர்களைப் பதித்தார்கள். வொஜிரார் தெருவில் ஒன்று இன்னும் இருக்கிறது.

உலகத்தையே அளந்து ஒரு கோல்

புரட்சிக்கு முந்திய பிரான்சில் அளவைப் பெயர்கள் மட்டும் சுமார் 800, அந்தப் பெயர்களுக்குள் ஊருக்கு ஊர் மாறிய அளவுகள் இரண்டரை லட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. தானிய வாடகையை நிலப்பிரபு தன்னுடைய மரக்காலில், குவித்து வாங்குவார். அந்த மரக்கால் தலைமுறைக்குத் தலைமுறை வளர்வதாகக் குடியானவர்களுக்கு மனக்குறை. 1789இல் ஊர் ஊராகத் திரட்டிய குறைமனுக்களில் ஒரே அரசர், ஒரே சட்டம், ஒரே எடை, ஒரே அளவு என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது.

எந்த ஊர்க் கோலை நாட்டுக்கெல்லாம் வைப்பது? பாரிஸ் கோலை வைத்தால் மற்ற ஊர்கள் ஏற்கமாட்டா. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றைத் தேடினார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர் என்று முடிவானது. அந்தத் தூரத்தை முழுதாக அளக்க முடியாது. டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரையிலான பகுதியை 1792இல் தொடங்கி ஆறேழு வருடம், வானியலாளர்களான டெலாம்பர் வடக்குப் பகுதியையும் மெஷேன் தெற்குப் பகுதியையும் முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். 1799 ஜூன் 22 அன்று பிளாட்டினக் கோல் ஒன்று ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது.

அந்தக் கோல் சுமார் 0.2 மில்லிமீட்டர் குட்டை. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்ற கணக்கில் பிழை இருந்தது. அது பின்னால் தெரிந்தபோது கோலை யாரும் திருத்தவில்லை. பூமியில் கால்வட்டம் சரியாக ஒரு கோடி மீட்டர் இல்லை என்று எழுதிவிட்டு, கோலையே மீட்டராக வைத்துக்கொண்டார்கள். அலகு எதிலிருந்து பிறந்தது என்பது கதைக்கு உதவும். நடைமுறைக்கு வேண்டியது எல்லோரும் ஒரே கோலை வைத்துக்கொள்வது.

மக்கள் உடனே மாறிவிடவும் இல்லை. எதிர்ப்பைப் பார்த்து நெப்போலியன் 1812இல் பழைய பெயர்களைக் கடைவியாபாரத்துக்கு அனுமதித்தார். மெட்ரிக் மறுபடி கட்டாயமானது 1840 ஜனவரி 1 முதல். 1875 மே 20 அன்று 17 நாடுகள் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாரிஸ் அருகே செவ்ரில் பொது அளவைப் பணியகம் எழுந்தது. 1889இல் பிளாட்டினம் 90, இரிடியம் 10 என்ற கலவையில் செய்த மூலக் கிலோகிராம் அங்கே வைக்கப்பட்டது. உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர் கொண்ட சின்ன உருளை அது. அதன் நகல்கள் நாடுகளுக்குப் போயின. இந்தியாவிடம் உள்ளது 57ஆம் எண் நகல், டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

உருளையில் ஒரு வேடிக்கை. நூறு வருடத்தில் மூலத்துக்கும் நகல்களுக்கும் நடுவே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் தெரிந்தது. ஒரு சர்க்கரைத் துகளின் எடையைவிடக் குறைவுதான். ஆனால் மூலம் இளைத்ததா, நகல்கள் பருத்தனவா என்று கேட்கவே வழியில்லை. வரையறைப்படி மூலம் எப்போதும் சரியாக ஒரு கிலோ. அதிலிருந்து ஒரு தூசு உதிர்ந்தால், உலகத்திலுள்ள மற்ற எல்லாமும் அந்த அளவுக்குக் கனத்துவிட்டதாகத்தான் கணக்கு எழுதவேண்டும். மீட்டரை இந்தச் சிக்கலிலிருந்து முன்பே விடுவித்துவிட்டார்கள். 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் ஒரு மீட்டர். கிலோகிராமுக்கு அந்த விடுதலை 2019 மே 20 அன்று வந்தது. இப்போது அது பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணிலிருந்து வருகிறது. தகுந்த கருவி இருந்தால் எந்த நாட்டு ஆய்வகமும் செவ்ருக்குப் போகாமலே கிலோவை உருவாக்கிக்கொள்ளலாம்.

அங்குலம், அடி, பவுண்டு எல்லாம் இன்றும் தனியாக நிற்பதாக நினைக்கவேண்டாம். 1959 முதல் ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர். அடிக்கோலும் மீட்டரின் பிள்ளைதான்.

பரங்கிமலைச் சங்கிலி

நல்ல கோல் கையில் இருந்தாலும் அளவு பிசகலாம். 1802 ஏப்ரலில் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்தார். பின்னால் இந்தியா முழுவதையும் அளந்த முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். கையிலிருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோய், ஏற்கப்படாமல் திரும்பி வந்த பொருள்களில் ஒன்று அது.

எஃகு வெயிலில் நீளும். 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 100 அடிச் சங்கிலி ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீளும். ஒரு தடவைக்கு அது ஒன்றுமில்லை. ஏழரை மைலுக்குச் சங்கிலியை 400 தடவை போடவேண்டும். 400 தடவையும் பிசகு ஒரே பக்கம் என்பதால் மொத்தம் 1.4 மீட்டர் ஓடிவிடும், அதுவும் நிலம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் சங்கிலியை நிழல் தரும் மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு இடுதலுக்கும் வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் போட்டார்கள். ஒவ்வொரு நீள அளவையிலும் ‘எந்த வெப்பத்தில்’ என்பதும் ஒரு பகுதி. இன்று தொழிற்சாலைகளில் அது 20 டிகிரி. தரமான எஃகு டேப்பின் முனையில் 20 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். மே மாதத்து வெயிலில் கிடந்த டேப்பால் மனை அளப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை: 60 அடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வராது. டேப்பைத் தொய்வாகப் பிடிப்பதால் வரும் பிசகு அதைவிடப் பெரிது.

சென்ட் என்ற விநோத எண்ணுக்கும் ஒரு சங்கிலிதான் காரணம். ஆங்கிலேயர் எட்மண்ட் கன்டர் 1620இல் 66 அடிச் சங்கிலியை 100 கண்ணிகளாகப் பிரித்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதாவது 66 × 66 × 10 = 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட்: 435.6 சதுர அடி. அடியில் பார்த்தால் கோணலாகத் தெரிவது சங்கிலியில் பார்த்தால் நேர்த்தியான பத்தடிமானம்.

அணாவிலிருந்து பைசாவுக்கு

விடுதலை பெற்ற இந்தியாவில் சேர், மணங்கு, துலாம், பலம், தோலா என்று ஒவ்வொன்றும் பகுதிக்குப் பகுதி வேறு எடை. 1956இல் எடைகள், அளவைகள் தரச் சட்டம் வந்தது. முதலில் காசை மாற்றினார்கள், 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாக நுழைந்து, 1960களின் தொடக்கத்தில் கட்டாயமானது.

மாறும் காலத்தில் என்ன தவறும் என்பதற்குக் காசு நல்ல பாடம். 16 அணா 100 பைசா என்றால் ஓர் அணா 6.25 பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25 என்று அட்டவணை. நாலு பேர் தனித்தனியாக ஓர் அணாப் பொருள் வாங்கினால் கடைக்காரருக்கு 24 பைசா, ஒருவரே நாலு வாங்கினால் 25. எந்த அலகு மாற்றத்திலும் முழுமையாக்கும் இடத்தில்தான் யாரோ ஒருவருக்குக் காசு போகும். முதலில் மொத்தத்தைப் போட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை முழுமையாக்குவதுதான் முறை.

சட்டம் மாறினால் பேச்சு மாறிவிடுமா? கிலோ கட்டாயமாகிச் சில வருடம் கழித்து, 1967 தேர்தலில் தமிழ்நாட்டை உலுக்கிய வாக்குறுதி ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்றுதான் வந்தது. இன்றும் தங்கம் சவரனில்தான். ஆங்கிலேயரின் சவரன் நாணயம் 7.988 கிராம், நம் நகைக்கடைச் சவரன் முழுசாக 8 கிராம். பெயரை வைத்துக்கொண்டு அளவை மெட்ரிக்குக்குத் தட்டிவிட்டார்கள், நல்ல ஏற்பாடு.

நிலத்தில் மட்டும் அந்த ஏற்பாடு நடக்கவில்லை. வாய்ப்பேச்சு சென்ட், மனை, மா. பட்டாவில் ஹெக்டேர், ஏர். இங்கேதான் இன்றும் தவறு நடக்கிறது. பட்டாவில் 0-40.50 என்று இருந்தால் 0 ஹெக்டேர், 40.50 ஏர் என்று பொருள். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக அது 100 சென்ட், முழு ஏக்கர். ‘நாற்பதரை சென்ட்’ என்று படித்துவிட்டால் பாதிக்கு மேல் நிலம் காணாமல் போய்விடும். ஏரை 2.47ஆல் பெருக்கினால் சென்ட், சென்டை 435.6ஆல் பெருக்கினால் சதுர அடி, சதுர அடியை 2400ஆல் வகுத்தால் மனை. பத்திரத்தில் மா, குழி என்று மட்டும் இருந்தால் சதுர அடியோ சதுர மீட்டரோ எழுதாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

22,300 கிலோவா, பவுண்டா?

1983 ஜூலை 23. கனடாவில் மான்ட்ரியலில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று எட்மன்டனுக்குப் புறப்பட நிற்கிறது. நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், இந்த ரக விமானத்தில் எரிபொருள் கணக்கு கிலோவில். விமானத்தின் எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. அளவுக்குச்சியால் பார்த்ததில் தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ.

லிட்டரைக் கிலோவாக்க அடர்த்தி வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். பழைய விமானங்களுக்கு அதுதான் பழக்கம். கிலோவுக்குரிய எண் 0.803.

அவர்கள் போட்ட கணக்கு: 7,682 × 1.77 = 13,597. 22,300இல் அதைக் கழித்தால் 8,703. அதை 1.77ஆல் வகுத்து 4,916 லிட்டர் நிரப்பினார்கள். சரியான கணக்கு: 7,682 × 0.803 = 6,169 கிலோ. மீதி வேண்டியது 16,131 கிலோ, அதாவது ஏறத்தாழ 20,088 லிட்டர். தேவையில் கால்வாசிக்கும் குறைவாகவே ஊற்றியிருக்கிறார்கள். விமானத்தில் இருந்தது 22,300தான், ஆனால் பவுண்டு. கிலோவில் 10,100 சொச்சம். கூட்டல், கழித்தல், பெருக்கல் எதிலும் பிழை இல்லை என்பதால் திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் தப்பு அகப்படவில்லை. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் எச்சரிக்கை வந்தது, பிறகு இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானிகள் அதைக் காற்றில் மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

தாளில் 1.77 என்று மட்டும் இல்லாமல் ‘லிட்டருக்கு 1.77 பவுண்டு’ என்று எழுதியிருந்தால், கிலோவிலிருந்து அதைக் கழிக்கும் இடத்தில் கை நின்றிருக்கும். பள்ளிக்கூடத்தில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் பிடிக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் திட்டுவதுண்டு. ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது.

கடைத் தராசு வரை

டெல்லியிலுள்ள தேசிய மூலத்துக்கும் உங்கள் காய்கறிக் கடைத் தராசுக்கும் நடுவே ஒரு சங்கிலி இருக்கிறது. தேசிய அளவையோடு ஒப்பிட்டவை மண்டல ஆய்வகங்களின் அளவைகள், அவற்றோடு ஒப்பிட்டவை மாநில அரசின் அளவைகள், அவற்றோடு ஒப்பிட்டவை ஆய்வாளர் கையிலுள்ள எடைக்கற்கள். அவற்றை வைத்துத்தான் கடைத் தராசுக்கு முத்திரை. ஒவ்வொரு படியிலும் மேலுள்ள அளவையின் பிசகு கீழுள்ளதற்கு அனுமதித்த பிசகைவிட நன்றாகக் குறைவாக இருக்கவேண்டும். இப்போது நடப்பது 2009ஆம் வருட சட்டமுறை எடையளவுச் சட்டம். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை.

மின்னணுத் தராசில் 30 கிலோ வரை என்று எழுதியிருந்தால் பக்கத்தில் ‘5 கிராம்’ என்றும் இருக்கும். தராசு எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பது அது. இந்த வகைத் தராசில் அந்த எண்ணைப்போல் 20 மடங்குக்குக் குறைந்ததை நிறுக்கக் கூடாது, அதாவது 100 கிராமுக்குக் கீழே இருந்தால் நம்பவேண்டாம். 50 கிராம் ஏலக்காயை அதில் நிறுத்தால் 5 கிராம் என்பதே பத்தில் ஒரு பங்கு. சந்தேகம் இருந்தால் தட்டு காலியாக இருக்கும்போது பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் தராசு சமமாக உட்காரவில்லை, அல்லது உள்ளே உணரி கெட்டிருக்கிறது.

இந்தத் தராசு எடைக்கல்லோடு ஒப்பிடுவதில்லை, பூமி இழுக்கும் விசையை அளந்து கிலோவாகக் காட்டுகிறது. டெல்லியில் ஈர்ப்பு சென்னையைவிடக் கொஞ்சம் கூட. டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 0.9 கிராம் குறைத்துக் காட்டும். காய்கறிக்கு அது பொருட்டில்லை, பொன்னுக்குப் பொருட்டு. பயன்படுத்தும் ஊரிலேயே சரிசெய்து முத்திரை வாங்கவேண்டும் என்பது அதனால்தான். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஈர்ப்பு இரண்டு தட்டையும் ஒன்றாகத்தான் இழுக்கும்.

பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவைக் கலம் ஒன்று இருக்கவேண்டும், கேட்டால் அளந்து காட்டவேண்டும். முதலில் கலத்தை ஒரு தடவை பெட்ரோலால் நனைத்து வடித்துவிடுவார்கள். காய்ந்த கலத்தில் உட்சுவரில் ஒட்டும் அளவு குறையாகத் தெரியும் என்பதால் அது சரியான முறைதான். மீட்டரைப் பூச்சியத்தில் வைத்து, சரியாக 5 லிட்டர் பிடித்து, சமதளத்தில் வைத்து, கழுத்திலுள்ள கோட்டைக் கண்மட்டத்தில் பாருங்கள். மேலேயிருந்து பார்த்தால் மட்டம் தவறாகத் தெரியும். 25 மில்லிலிட்டர் வரை கூடக்குறைய இருந்தால் விதிக்குள் அடங்கும். அளவைக் கலத்தின் மேலும் முத்திரையும் அது இட்ட வருடமும் இருக்கும், பெட்ரோல் ஊற்றுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.